தீவும் தேசமும்
(இரமணாசிரமப் பகுதியில் நடைபெற்ற இலக்கிய வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



‘நான் யார்?’ என்னும் வினா நம் ஆசிரமப் பகுதியில் நாள்தோறும் ஒலிப்பது. ஒரு நாட்டு மக்கள் ‘நாம் யார்?’ என வினவும்போது நிகழ்வதை, இலங்கையை முன்வைத்து எண்ணிப் பார்க்க விழைகிறேன். அந்நாடு நமக்கு அயலன்று. நம் அண்ணாமலையைப் பாடிய திருஞானசம்பந்தரே திருக்கோணமலையையும் பாடினார்.

கடல் சூழ்ந்த நிலத்திற்கு எல்லை தானே அமைந்துவிடுகிறது. 65,610 சதுர கிலோமீட்டர் பரப்புடைய அத்தீவைப் படத்தில் காண்போர், ‘ஒரே தீவு, ஆகவே ஒரே தேசம்’ என எளிதில் முடிவு கட்டுவர். வரலாறு அவ்வாறு கூறவில்லை. போர்த்துக்கேயர் காலத்தில் அங்கே கோட்டை, கண்டி, யாழ்ப்பாணம் எனத் தனித்தனி அரசுகள் இருந்தன. யாழ்ப்பாணம் 1619இலும், கண்டி 1815இலும் வீழ்ந்தன. 1833இல்தான் ஆங்கிலேயர் தீவு முழுவதையும் ஒரே நிருவாகத்தின்கீழ்க் கொணர்ந்தனர். கடல் வகுத்த ஒருமை வேறு. மக்கள் மனமுவந்து ஏற்கும் ஒருமை வேறு. பின்னது மலருமுன்பே, 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழருள் மிகப் பலரை நாடற்றோராக்கியது. அக்குறை சட்டத்தில் தீர 2003 வரை காத்திருக்க நேர்ந்தது. 1956இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழியாயிற்று.

அதற்காக நிலத்தைக் கூறிட்டுக் கோடு கிழிப்பதும் எளிதன்று. மகாவலி கங்கையைப் பாருங்கள். மலையகத் தமிழர் உழைக்கும் தேயிலைத் தோட்டங்களிடையே இறங்கி, சிங்களரின் கண்டி மாநகரைத் தழுவி, 335 கிலோமீட்டர் நடந்து, கிழக்கிலங்கைத் தமிழரும் முஸ்லிம்களும் வாழும் மூதூரை அடுத்த கொட்டியாரக் குடாவில் கடல் சேர்கிறது. ஆறு ஒன்று; அதன் நீரருந்தும் மக்கள் நால்வகையினர். அவருள் எவரையும் விலக்கி அவ்வாற்றின் கதையை எழுத இயலுமா?

1987ஆம் ஆண்டு ஒப்பந்தம் இலங்கையைப் பல இன, பல மொழிச் சமுதாயம் என ஏற்றது. அவ்வாண்டே 13ஆம் திருத்தத்தால் தமிழும் ஆட்சிமொழியாயிற்று. ஏட்டில் ஏறியது வாழ்வில் முழுதும் ஏறவில்லை. போர் 2009இல் முடிந்தது, வினா முடியவில்லை.

அன்பர்களே, நம் மாவட்டத்திலும் இலங்கைத் தமிழர் முகாம்கள் உள்ளன. அங்கே பிறந்த பிள்ளைக்குக் கோணமலை பாட்டியின் வாய்ச்சொல். அண்ணாமலையோ கண்முன் நிற்கும் காட்சி. ‘நாம் யார்?’ என்று அப்பிள்ளை கேட்டால் விடைசொல்ல நமக்கு உரிமையில்லை. கேட்டுக்கொள்ளும் கடமை உண்டு. பத்தாண்டு கண்ட நம் வட்டம், பதினோராம் ஆண்டின் முதற்கூட்டத்தில் அவர்களை மேடையேற்றட்டும். அவர்கள் பேசட்டும், நாம் கேட்போம்.