சாவி யார் கையில்?
இணையதளத் தொழிலுக்குச் சாமான் வாங்கும் கணக்கு

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், புதிய தொழில்கள் பற்றிய அமர்வில் பேசியதன் எழுத்து வடிவம்)



நாங்கள் மூன்று பேர் சேர்ந்து பட்டாபிராமில் இணையதளம் செய்து கொடுக்கும் தொழில் நடத்துவது உங்களில் பலருக்குத் தெரியும். ஆரம்ப முதலீடு எங்கள் குழுவின் உள்கடன்தான். ஒவ்வொரு கூட்டம் முடிந்ததும் யாராவது ஒருத்தர் வந்து, "என் பொண்ணும் கம்ப்யூட்டர் படிச்சிருக்கா, இந்தத் தொழிலுக்கு என்னென்ன வாங்கணும், எவ்வளவு ஆகும்?" என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கே இன்று பதில் சொல்லிவிடலாம் என்று வந்திருக்கிறேன். கடன் வாங்கிச் சாமான் வாங்குகிறோம். சாமான் தவறினால் தவணை மட்டும் தவறாமல் வரும். அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

நம் ஊரில் 2024 நவம்பர் 22 அன்று டைடல் பார்க் திறந்தார்கள். 21 மாடி, 5.57 லட்சம் சதுர அடி. தூரத்திலிருந்தே தெரிகிறது. அதைப் பார்த்துவிட்டு, கம்ப்யூட்டர் தொழில் என்றாலே ஏசி ரூமும் விலை உயர்ந்த மெஷினும் வேண்டும் என்று நினைத்துப் பயந்துவிடாதீர்கள். அங்கே வருகிற வாடிக்கையாளர் வேறு, நம்மிடம் வருகிறவர் வேறு. நம்மிடம் வருவது மசாலாப் பொடி விற்கும் அக்கா, பியூட்டி பார்லர், டியூஷன் சென்டர், அம்பத்தூர் பக்கம் சின்னப் பட்டறை வைத்திருப்பவர். அவர்கள் கேட்பது நாலைந்து பக்கம்: என்ன செய்கிறோம், என்ன விலை, எங்கே இருக்கிறோம், எந்த நம்பருக்குக் கூப்பிட வேண்டும். அவ்வளவுதான்.

முதலில் வேலை, பிறகு சாமான்

தையல் மெஷின் வாங்கும்போது, அக்கம்பக்கத்துக்கு ஜாக்கெட் தைக்கப் போகிறோமா, கம்பெனிக்கு பீஸ் தைக்கப் போகிறோமா என்று பார்த்துத்தான் வாங்குவோம். இங்கேயும் அப்படித்தான். நாலைந்து பக்க இணையதளம் செய்ய கிராபிக்ஸ் கார்டு வேண்டாம், கேம் விளையாடும் லேப்டாப் வேண்டாம்.

பார்க்க வேண்டியது முக்கியமாக மூன்று. ஒன்று, ராம். இது சமையல் மேடை மாதிரி. மேடை சின்னதாக இருந்தால் ஒரு பாத்திரத்தை இறக்கி வைத்தால்தான் இன்னொன்றை எடுக்க முடியும். 8 ஜிபி இருந்தால் வேலை தடங்கல் இல்லாமல் ஓடும். இரண்டு, எஸ்எஸ்டி. இது சாமான் வைக்கும் அலமாரி. பழைய வகை ஹார்ட் டிஸ்க்கில் ஒரு தட்டு சுற்றிக்கொண்டே இருக்கும், எடுத்துக் கொடுக்க நேரமாகும். எஸ்எஸ்டியில் சுற்றும் பாகமே இல்லை, கேட்டவுடன் கொடுக்கும். 256 ஜிபி போதும். பழைய லேப்டாப்பில்கூட ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டால் ஆளே மாறிவிடும். மூன்றாவது, பிராசசர் எந்தத் தலைமுறை என்பது.

இந்த மூன்றாவதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். அண்ணா சாலைப் பக்கம் ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போனால், கம்பெனிகள் கழித்த லேப்டாப்களைச் சரிசெய்து விற்கிறார்கள். நல்ல சாமானும் இருக்கிறது, சுமாரானதும் இருக்கிறது. "ஐ5 மேடம், சூப்பர் மெஷின்" என்று சொல்வார்கள். ஐ5 என்பது குடும்பப் பெயர் மாதிரி. அதில் பாட்டியும் உண்டு, பேத்தியும் உண்டு. ஐ5க்குப் பக்கத்தில் ஒரு எண் இருக்கும். 8250 என்றால் எட்டாம் தலைமுறை, 6200 என்றால் ஆறாம் தலைமுறை.

இது ஏன் முக்கியம்? விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14 உடன் நிறுத்திவிட்டது. இனி விண்டோஸ் 11தான். அது இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிறகும் வந்த பிராசசரையும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியையும் கேட்கிறது. அந்தத் தேதிக்குப் பிறகு பழைய லேப்டாப்கள் மலிந்து வருவதற்கு இதுவும் ஒரு காரணம். விலை குறைவு என்று ஆறாம் தலைமுறையை வாங்கிவிட்டு விண்டோஸ் 11 போட முடியவில்லையே என்று நிற்கக் கூடாது.

கடையிலேயே லேப்டாப்பை ஆன் செய்து, சார்ஜரைக் கழற்றி, அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். எல்லா எழுத்தையும் ஒருமுறை தட்டுங்கள். மூடித் திறக்கும் கீல் ஆடுகிறதா என்று பாருங்கள். வைஃபை பிடிக்கிறதா, கேமரா தெரிகிறதா, விண்டோஸ் ஆக்டிவேட் ஆகியிருக்கிறதா என்று கேளுங்கள். ஜிஎஸ்டி பில்லும் எழுத்தில் வாரண்டியும் இல்லாமல் பணத்தைக் கொடுக்காதீர்கள். பில் குழுக் கணக்குக்கும் வேண்டும்.

வீட்டில் இருக்கும் பழைய லேப்டாப்பைத் தூக்கிப் போடவும் வேண்டாம். மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்கும் திட்டத்தை 2011 செப்டம்பர் 15 அன்று நம் திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில்தான் தொடங்கி வைத்தார்கள். அந்த லேப்டாப்களில் விண்டோசுடன் போஸ் லினக்சும் இருந்தது. சி-டாக் என்ற மத்திய அரசு நிறுவனம் நம் சென்னையில் உருவாக்கியது அது. நிறையப் பிள்ளைகள் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. லினக்ஸ் இலவசம், பழைய மெஷினிலும் ஓடும். அந்தக் கால லேப்டாப்பில் முழு நேர வேலை செய்வது கஷ்டம்தான். ஆனால் விலைப்பட்டியல் தட்டச்சு செய்ய, புதிதாகச் சேரும் பெண் பழக, அது போதும். ஐந்தாறு வருடப் பழசாக இருந்து, ராம் 8 ஜிபி இருந்தால், லினக்ஸ் மின்ட் போட்டு முழு வேலையும் செய்யலாம்.

இன்னும் இரண்டு சின்னச் சாமான். ஒன்று, விலை குறைந்த ஆண்ட்ராய்டு போன். நம் வாடிக்கையாளரின் வாடிக்கையாளர் அதில்தான் பார்க்கப் போகிறார். புது லேப்டாப்பில் அழகாகத் தெரிவது, பழைய போனில் மெதுவான நெட்டில் திறக்கவில்லை என்றால் வேலை முடியவில்லை என்றுதான் அர்த்தம். இரண்டு, ரவுட்டருக்கு ஒரு குட்டி யுபிஎஸ். கரண்ட் போனால் லேப்டாப் பேட்டரியில் ஓடும், நெட் நின்றுவிடும். அதற்காகத்தான்.

இலவசம், வாடகை, திருட்டு

மென்பொருள் மூன்று வகையில் நமக்கு வருகிறது.

முதல் வகை, சட்டப்படி இலவசமாகக் கிடைப்பது. இணையதளம் கட்ட வேர்ட்பிரஸ் இருக்கிறது. 2003இல் வந்தது. இன்று உலகத்து இணையதளங்களில் பத்துக்கு நாலுக்கு மேல் அதில்தான் ஓடுகின்றன. கோடு எழுத விஎஸ் கோட், படத்தைச் சரிசெய்ய கிம்ப், லோகோ வரைய இங்க்ஸ்கேப், பில்லும் கணக்கும் போட லிப்ரே ஆபீஸ். முகவரிப் பட்டையில் பூட்டு போட்டுப் பாதுகாப்பாக்கும் சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் இலவசமாகவே தருகிறது. அதற்குத் தனியாகக் காசு கேட்டால், ஏன் என்று கேளுங்கள்.

இரண்டாவது, மாத வாடகை. உதாரணத்துக்கு ஒரு டிசைன் மென்பொருள் மாதம் 2,000 ரூபாய் என்று வையுங்கள். மாதக் கணக்கில் சின்னதாகத் தெரியும். மூன்று வருடத்துக்கு 72,000 ரூபாய். கட்டுவதை நிறுத்திய அன்று கதவு மூடிவிடும். செய்து வைத்த பைலைத் திறக்கக்கூட மறுபடியும் கட்ட வேண்டி வரலாம். வாடகையே கூடாது என்று சொல்லவில்லை. அந்த மென்பொருளால் வருகிற வேலையின் கூலியிலேயே வாடகை அடங்குகிறதா என்று எழுதிப் பாருங்கள். அடங்கினால் எடுங்கள். "எல்லாரும் வச்சிருக்காங்க" என்பதற்காக எடுக்க வேண்டாம்.

மூன்றாவது, கிராக் செய்த மென்பொருள். "நான் போட்டுத் தரேன்க்கா, ஃப்ரீதான்" என்று தெரிந்த பையனே சொல்வான். பதிப்புரிமைச் சட்டத்தில் 63பி என்று ஒரு பிரிவு இருக்கிறது. திருட்டு நகல் என்று தெரிந்தே கம்ப்யூட்டரில் பயன்படுத்தினால் 7 நாள் முதல் 3 வருடம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். தொழிலுக்குப் பயன்படுத்தினால் சட்டம் இன்னும் கறார். அதோடு, கிராக்கோடு வைரசும் சேர்ந்து வரும். வாடிக்கையாளரின் பாஸ்வேர்டெல்லாம் நம் மெஷினில்தானே இருக்கிறது? நம் குழுவின் பெயரை வைத்துத்தான் அவர் நம்பிக் கொடுத்திருக்கிறார்.

தமிழ் எழுத்துக்கு ஒரு வார்த்தை. வாடிக்கையாளர் நோட்டீஸ் அடித்த பிரஸ்ஸில் இருந்து பைல் வாங்கித் தருவார். அது பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவில் இருக்கும். அப்படியே இணையத்தில் போட்டால் புரியாத ஆங்கில எழுத்தாகத் தெரியும். அதை யூனிகோடுக்கு மாற்ற இலவசக் கருவிகள் இருக்கின்றன. 1999இல் நம் அரசு அறிவித்த தமிழ்99 விசைப்பலகையைப் பழகிக்கொண்டால் தட்டச்சும் வேகமாகும். தமிழில் பிழையில்லாமல் பக்கம் போட்டுத் தருகிறோம் என்பதற்காகவே எங்களிடம் வருகிறவர்கள் உண்டு.

சாவி

இனி நான் சொல்லப் போவதுதான் முக்கியம்.

இணையதளத்துக்கு டொமைன் பெயர் என்று ஒன்று வேண்டும். அது கடையின் பெயர்ப்பலகை, முகவரி இரண்டும் சேர்ந்தது. ஹோஸ்டிங் என்பது கடை இருக்கும் இடம். இரண்டுக்கும் வருடா வருடம் பணம் கட்ட வேண்டும். விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது முதல் வருட விலை. அடுத்த வருடம் புதுப்பிக்கும் விலை அதைவிடப் பல மடங்குகூட இருக்கலாம். அதைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

எங்களிடம் வந்த ஒரு மசாலாக்கார அக்காவுக்கு ஏற்கெனவே இணையதளம் இருந்தது. செய்து கொடுத்தவர் டொமைனைத் தன் பெயரில், தன் இமெயிலில் பதிவு செய்திருந்தார். வேறு வேலைக்குப் போனதும் போனை எடுப்பதில்லை. டொமைன் காலாவதியானது. பாக்கெட்டில், பையில், ஆட்டோ விளம்பரத்தில் அச்சடித்த முகவரி எல்லாம் வீண். அக்கா பணம் கட்டத் தயாராக இருந்தும் கட்ட வழியில்லை, ஏனென்றால் சாவி அவரிடம் இல்லை. கடைசியில் புதுப் பெயர் வாங்கி, எல்லாவற்றையும் மறுபடி அச்சடித்தார்.

அதனால் நாங்கள் ஒரு விதி வைத்திருக்கிறோம். டொமைன் வாடிக்கையாளர் பெயரில், அவருடைய இமெயிலில், அவருடைய போன் நம்பரில். வேலை முடிந்த அன்றே பாஸ்வேர்டை ஒப்படைத்துக் கையெழுத்து வாங்குவோம். "சாவியைக் கொடுத்துட்டா அவங்க வேற ஆள்கிட்ட போயிடுவாங்களே?" என்று கேட்டார்கள். போகலாம். ஆனால் பிடித்து வைத்திருப்பதால் அல்ல, நம்பிக்கையால்தான் அவர்கள் அடுத்த ஆளைக் கூட்டி வருகிறார்கள்.

நமக்குள்ளும் இதே விதிதான். குழுவின் வங்கிக் கணக்கை ஒரே ஒருத்தர் கையெழுத்தில் நடத்துகிறோமா? இல்லையே. தொழிலுக்குப் பொதுவாக ஒரு இமெயில் வைத்திருக்கிறோம். பாஸ்வேர்டுகளை பிட்வார்டன் என்ற பெட்டகத்தில் வைத்து, இரண்டு பேர் திறக்கும்படி செய்திருக்கிறோம். ஓடிபி ஒரே போனுக்கு வந்தால் அந்தப் போன் தொலைந்த அன்று எல்லாம் நின்றுவிடும். அதற்காகத் தரும் மீட்புக் குறியீடுகளைக் காகிதத்தில் எழுதி, உறையில் ஒட்டி, பீரோவில் வைத்திருக்கிறோம். எங்களில் ஒருத்தி பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போனபோது ஒரு நாள்கூட வேலை நிற்கவில்லை. குழந்தை அழும்போது யாரும் அவளுக்குப் போன் போட்டு பாஸ்வேர்டு கேட்கவில்லை.

செய்த வேலைக்கும் மூன்று நகல். ஒன்று லேப்டாப்பில், ஒன்று வெளி டிஸ்க்கில், ஒன்று ஊரைவிட்டு வெளியே, அதாவது இணையச் சேமிப்பில். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையையும் புறநகரையும் முடக்கியது உங்களுக்கு மறந்திருக்காது. வீட்டுக்குள் தண்ணீர் வந்தால் லேப்டாப்பும் டிஸ்க்கும் ஒன்றாகத்தான் நனையும்.

கடன் விண்ணப்பத்துக்கு மூன்று கேள்வி

இது பெண்கள் குழுவுக்கு எட்டாத தொழில் இல்லை. கேரளத்தின் குடும்பஸ்ரீ பெண்கள் கம்ப்யூட்டரில் தரவு ஏற்றும் தொழிற்குழுக்களை நடத்திக் காட்டியிருக்கிறார்கள். நம் கூட்டமைப்பிலும் இந்தத் தொழிலுக்குக் கடன் கேட்டு வருவார்கள். அப்போது மூன்று கேள்விகளைக் கேட்டு, பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஒன்று: இந்தச் சாமான் இல்லாததால் இப்போது எந்த வேலை நிற்கிறது?

இரண்டு: பணம் கட்டுவதை நிறுத்தினால், அதுவரை செய்த வேலை நம்மிடம் இருக்குமா?

மூன்று: இதன் சாவி யார் யாரிடம் இருக்கும்? ஒருத்தர் இல்லாவிட்டால் இன்னொருத்தர் திறக்க முடியுமா?

மூன்றுக்கும் நேராகப் பதில் வந்தால் தயங்காமல் கடன் கொடுங்கள். பதில் வராவிட்டால், அடுத்த கூட்டம் வரை பொறுத்திருக்கச் சொல்லுங்கள். உத்யம் பதிவு இலவசம்தான், ஆன்லைனிலேயே செய்யலாம், அதற்கு ஏஜென்ட்டுக்குக் காசு கொடுக்க வேண்டாம் என்பதையும் அவர்களுக்குச் சொல்லுங்கள்.

லேப்டாப் வாங்க ரிச்சி ஸ்ட்ரீட் போகிற உறுப்பினர்கள் முன்கூட்டியே சொன்னால், எங்கள் மூன்று பேரில் ஒருத்தர் கூட வருகிறோம். டிக்கெட் செலவு எங்களுடையது, டீ உங்களுடையது.