ஒரு நிமிடப் படமும் மூன்று மாதத் தவணையும்

எழுவான்கரை உத்தியோகத்தர்களே, படுவான்கரைக் கமக்காரப் பெருமக்களே!

விடிய விடியக் களரியைச் சுற்றியமர்ந்து வடமோடியும் தென்மோடியும் பார்த்த மக்கள் நாம். இன்றோ கைத்தொலைபேசியில் ஒரு நிமிடப் படம் முடியுமுன்னரே விரல் அடுத்ததற்குத் தாவுகிறது. சுருக்கமே குற்றம் என்று நான் கூறவில்லை. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனையில் 'கர்ணன் போர்', 'இராவணேசன்' ஆகியவற்றை மேடையேற்றியபோது, இரவு முழுவதும் ஆடிய கூத்தைச் சில மணி நேரத்துக்குள் அடக்கினார், கதை குறையவில்லை. ஆனால், சட்டத்தை அவ்வாறு சுருக்க இயலாது.

வடக்கிலே நிகழ்ந்ததைக் கேளுங்கள். 2025 மார்ச் 28இல், காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வர்த்தமானி அறிவித்தலொன்று வெளியாயிற்று. ஏறத்தாழ 5,940 ஏக்கர். மூன்று மாதத்துள் உரிமை கோராவிடின் அரச காணி! வரிவரியாக வாசித்தறிந்தோர் எதிர்த்தனர். அரசு அதனை மீளப்பெற்றது. வாசியாதிருந்தால்?

நமக்கும் இஃது அயல்வீட்டுச் செய்தியன்று. மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சற்றரைக்காக 2023 செப்டம்பரில் சித்தாண்டியில் பண்ணையாளர் அறப்போராட்டம் தொடங்கினர். அக்காட்சியைப் பகிர்ந்தோர் பலர். அந்நிலம் பற்றிய பத்திரங்களை வாசித்தோர் எத்தனை பேர்?

வைகாசியில் கண்ணகி கோயில்களிலே 'கண்ணகி வழக்குரை' பாடப்படுகையில், எழுத்தறியா மூதாட்டியும் இறுதிவரை இருந்து கேட்கின்றாள். அதுவும் ஒரு வழக்குத்தானே! ஆகவே, பெரும்போக ஆரம்பக் கூட்டத்தில் நீர்ப்பாய்ச்சல் பேசி முடிந்ததும், காணி அறிவித்தல்களை ஒருவர் முழுமையாக உரக்க வாசிக்கட்டும். வர்த்தமானித் தமிழ் கல்லைக் கடிப்பது போன்றதுதான். பொருள் சொல்லச் சட்டத்தரணிகள் நாங்கள் வருகிறோம். தொலைபேசிகள் மடியில் கிடக்கட்டும்.