ஒரு தாளை எழுந்து நிற்க வைப்பது



வாசலில் ஆளுக்கொரு நிகழ்ச்சி நிரல் கொடுத்தார்கள். அதைக் கையில் எடுங்கள். ஓர் ஓரத்தைப் பிடித்துத் தூக்குங்கள், தொய்ந்து விழுகிறது. இனி அதையே விசிறி மடிப்பாக, முன்னும் பின்னுமாக மடியுங்கள். அவசரம் வேண்டாம், காத்திருக்கிறேன். என்னிடமுள்ள தாளை மேசையிலிருக்கும் இந்த இரண்டு தம்ளர்களின் மேல் பாலமாக வைக்கிறேன். அதன்மேல் என் கைப்பேசியை வைக்கிறேன். தாங்குகிறது, பாருங்கள்!

தாளின் எடை கொஞ்சமும் கூடவில்லை. மடிப்பு அதற்கு உயரம் கொடுத்தது, அவ்வளவுதான். ஒரு பலகையின் தடிமனை இரு மடங்காக்கினால், வளையாமல் நிற்கும் அதன் விறைப்பு எட்டு மடங்காகிறது. மெல்லிய தகரத்தை நெளிநெளியாக வளைத்துக் கூரை போடுவதும் இந்த உயரத்துக்காகத்தான். பொறியியல் கல்லூரியில் சூத்திரமாக வரும் பாடம் இது. உங்கள் விரல்கள் அதைச் சற்று முன்பு படித்துவிட்டன.

இந்தப் பாடத்தை வகுப்பறைக்குள் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் யோசப் ஆல்பர்ஸ். ஜெர்மனியின் வைமார் நகரில் 1919-இல் தொடங்கிய பௌஹவுஸ் கலைப்பள்ளியில், 1923 முதல் புது மாணவர்களுக்கு அவர் வகுப்பெடுத்தார். போரில் தோற்ற நாடு. பணம் மதிப்பிழந்து காகிதமாகக் கிடந்த ஆண்டு. அவர் வகுப்பு எப்படி நடந்தது என்பதை மாணவர் ஒருவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். பழைய செய்தித்தாள்களை ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்தாராம். கூடியவரை கத்தரியும் பசையும் இல்லாமல், தாளின் இயல்பை மதித்து ஏதாவது செய்யச் சொல்லிவிட்டுப் போய்விட்டாராம். திரும்பி வந்து பார்த்தால் கோட்டை, படகு, முகமூடி, விலங்கு. வேறு பொருளில் இவற்றை இன்னும் நன்றாகச் செய்யலாமே என்று ஒதுக்கிவிட்டார். ஒரு மாணவர் மட்டும் தாளை மடித்து நிறுத்தி வைத்திருந்தார். வேறொன்றும் செய்யவில்லை. அதைத்தான் ஆல்பர்ஸ் வகுப்புக்கே காட்டினார். படுத்தே கிடக்கும் பொருள் தன் விளிம்பில் எழுந்து நிற்கிறது; முன்பு ஒரு பக்கம்தான் தெரிந்தது, இப்போது இரண்டு பக்கமும் தெரிகின்றன.

நம் பிள்ளை அட்டையில் தாஜ்மகால் செய்து வந்தால் நாம் மகிழ்கிறோம். மகிழ வேண்டியதுதான். ஆனால் வடிவமைப்பில் முதல் கேள்வி, இந்தப் பொருளால் என்ன முடியும் என்பது. தாள் மடியும். கம்பி கோடாக ஓடும். மண் அழுத்திய விரலின் தடத்தை வைத்துக்கொள்ளும். இதைக் கேட்கப் பழகிய பிள்ளை நாளை நாற்காலியையும் வடிவமைக்கும், பாலத்தையும் வடிவமைக்கும்.

1933-இல் நாஜிகளின் நெருக்கடியில் பௌஹவுஸ் மூடப்பட்டது. ஆல்பர்ஸ் அமெரிக்காவின் பிளாக் மவுண்டன் கல்லூரிக்குப் போனார். 1946-இல் அங்கே அவரிடம் படிக்க வந்த பெண்ணைப் பற்றிப் பேசத்தான் நான் இன்று மேடையேறினேன். ரூத் அசாவா. கலிபோர்னியாவில் காய்கறி பயிரிட்ட ஜப்பானியக் குடும்பத்துப் பெண். 1942-இல் அமெரிக்க அரசு ஜப்பானிய வம்சாவளியினரை முகாம்களில் அடைத்தபோது அவருக்கு 16 வயது. குதிரைப் பந்தயத் திடலின் லாயத்தில் குடும்பம் தங்கவைக்கப்பட்டது. ஆசிரியையாக விரும்பிப் படித்தார். ஜப்பானியர் என்பதால் பயிற்சிக்கு எந்தப் பள்ளியும் அவரை ஏற்கவில்லை. அதன் பிறகே ஆல்பர்ஸிடம் வந்தார்.

1947-இல் மெக்சிகோவின் தொலூக்கா ஊரில் கம்பிக்கூடை பின்னும் கைவினைஞர்களைப் பார்த்தார். சந்தையில் முட்டை வைத்து விற்கும் கூடை. வளையத்துக்குள் வளையமாகக் கம்பியைக் கோத்துக்கொண்டே போகும் அந்த முறையை அவர்களிடமே கற்றார். பிறகு கூடையின் வாயைக் குறுக்கி மூடினார், மறுபடி விரித்தார், உள்ளே இன்னொரு உருவத்தைப் பின்னினார். கூரையிலிருந்து தொங்கும் அந்தச் சிற்பங்களில் வெளிப்பரப்பே உள்ளே புகுந்து உட்பரப்பாகிறது. எதுவும் மறைவதில்லை, உள்ளிருக்கும் வடிவமும் சுவரில் விழும் நிழலும் சேர்ந்தே தெரிகின்றன. ஆறு பிள்ளைகளை வளர்த்துக்கொண்டு, வீட்டிலேயே இருந்து இவற்றைச் செய்தார். கம்பிக்கு உலையும் வேண்டாம், பட்டறையும் வேண்டாம்.

1968-இல் சான் பிரான்சிஸ்கோவில், தம் பிள்ளைகள் படித்த அல்வராடோ பள்ளியில், தோழி ஒருவருடன் சேர்ந்து கலைப்பட்டறை தொடங்கினார். பால் அட்டைப்பெட்டி, முட்டை அட்டை, நூல் மிச்சம், இவைதான் பொருள்கள். களிமண்ணுக்குப் பதில் மாவு: நான்கு பங்கு மாவுக்கு ஒரு பங்கு உப்பு, ஒன்றரைப் பங்கு தண்ணீர். சப்பாத்திக்குப் பிசையும் எந்தத் தாய்க்கும் இது கைவந்த வேலை. அந்த நகரின் யூனியன் சதுக்கத்துக்கு அருகே இன்றும் நிற்கும் நீரூற்றின் உருவங்களைப் பிள்ளைகளும் பெரியவர்களுமாகப் பலர் இந்த மாவில்தான் செய்தார்கள். பிறகு அவை வெண்கலத்தில் வார்க்கப்பட்டன.

கணினித் திரையில் முப்பரிமாணம் வரையலாமே என்று கேட்பீர்கள். வரையட்டும், நான் தடுக்கவில்லை. திரையில் எதுவும் சாய்ந்து விழாது. அட்டைக் கோபுரம் விழும். ஏன் விழுந்தது என்று பிள்ளை குனிந்து பார்க்கும். அந்தக் குனிதலுக்குப் பிறகு கணினியைக் கொடுங்கள்.

தலைமை ஆசிரியர்களிடம் உரிமையோடு கேட்கிறேன். வாரத்தில் இருக்கும் ஓவிய வகுப்பைத் தேர்வு நெருங்கியதும் கணக்குக்குத் தூக்கிக் கொடுக்காதீர்கள். பழைய செய்தித்தாள், மளிகைக் கடை அட்டைப்பெட்டி, கட்டடம் கட்டுகிறவர்கள் வாங்கும் கட்டுக்கம்பி போதும். கம்பி நுனியை மடக்கிவிட மறக்காதீர்கள், விரலைக் கிழிக்கும். பிள்ளைகள் செய்ததை வைக்க ஓர் அலமாரியும் தாருங்கள். அன்று மாலையே குப்பைக்குப் போகிற வேலையில் மறுநாள் திருத்தம் செய்ய முடியாது.

பக்கத்து அறையில் செய்தித்தாள் கட்டுகளும் கம்பிச் சுருள்களும் தயாராக இருக்கின்றன. கூட்டம் முடிந்ததும் பிள்ளைகள் வரலாம். பெற்றோரும் வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள், முதல் அரை மணி நேரம் யோசனை மட்டும் சொல்லாதீர்கள்.