களவும் கமராவும்

தலைப்பைக் கேட்டதும், தமிழாசிரியன் அகப்பொருள் பேச வந்திருக்கிறான் என்று சிலர் எண்ணியிருப்பீர்கள். நான் பேச வந்தது வீடு புகுந்து பொருளெடுக்கும் களவைப் பற்றித்தான்.

மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சியிலே நள்ளிரவுக் கள்வர் வருகிறார்கள். நீலக் கச்சு, நூலேணி, நிலம் அகழும் உளி என்று அவர்களிடம் எல்லாமே ஆயத்தம். மழைநீர் தெருவில் ஓடும் நடுச்சாமத்திலும் சோராது திரியும் ஊர்காவலரையும் புலவர் காட்டுகிறார். அந்தக் காவலர் வேலையை இன்று நாம் கமராவிடம் ஒப்படைத்துள்ளோம். பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும் இருக்க, முதியோர் தனித்திருக்கும் யாழ்ப்பாணத்து வீடுகளின் மதில்களில் அது முளைத்துவிட்டது.

வாங்கப் போகிறவர்கள் எத்தனை மெகாபிக்சல் என்றுதான் முதலில் விசாரிக்கிறார்கள். படலையில் நிற்பவனின் முகம் தெரியுமா என்றல்லவா விசாரிக்க வேண்டும்! 2.8 மில்லிமீற்றர் லென்ஸ் முற்றம் முழுவதையும் அள்ளிக்கொள்ளும். தூரத்தில் நிற்பவரோ தீக்குச்சியளவில் தெரிவார். 6 மில்லிமீற்றர் லென்ஸ் காட்டும் இடம் சிறிது. அங்கே முகம் துலங்கும். முற்றத்துக்கு ஒன்று, படலைக்கு ஒன்று என வெவ்வேறாக வாங்குவதே புத்தி. உயரத்தில் பூட்டினால் உச்சந்தலைதான் பதியும்.

இரவிலே பெரும்பாலான கமராக்கள் அகச்சிவப்பு ஒளியால் பார்க்கின்றன. படம் கறுப்பு வெள்ளையாகவே வரும். கறுப்புச் சேட்டுக்கூட, துணியைப் பொறுத்து, வெளிறித் தெரியலாம். எங்கள் பகுதியில் ஒரு களவு நடந்தபோது, முதுகும் வெள்ளைச் சேட்டும் மட்டும் தெரிந்த படமொன்று கைத்தொலைபேசிகளில் பரவியது. என் மாணவன் ஒருவன்தான் அது என்று ஊர் தீர்மானித்துவிட்டது. அன்றிரவு அவன் கொழும்பில் நின்றவன். அதை நிறுவ அவனுடைய தாய் பஸ் ரிக்கற்றைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினார்.

சிலப்பதிகாரத்தில், கோவலனின் தோற்றம் கள்வனுடையதன்று என்று காவலருக்கே பட்டது. பொற்கொல்லன் கள்வரின் எட்டுத் துணைகளையும் அடுக்கி அவர்கள் வாயை அடைத்துவிட்டான். மங்கிய படமும் ஒரு பொற்கொல்லன்தான். அதனால்தான் லென்ஸைப் பற்றி இவ்வளவு நேரம் பேசினேன்.

அகச்சிவப்பு விளக்குக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும். வலை பின்னிய கமரா நடுச்சாமத்தில் வெண்புகையைத்தான் காட்டும். ஒட்டடை தட்டும்போது அதையும் துடைத்துவிடுங்கள். நான்கு கமராக்கள், ஒவ்வொன்றும் விநாடிக்கு 2 மெகாபிட் வீதம் இடைவிடாது பதிந்தால், 1 டெராபைட் ஹாட் டிஸ்க் ஏறத்தாழ 11 நாளில் நிறைந்துவிடும். பிறகு பழையதன் மேலேயே புதியது பதியும். 2022 ஆம் ஆண்டின் நீண்ட மின்வெட்டுகளைக் கண்ட நமக்கு, பற்றரியும் வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை. தொழிற்சாலை இட்ட கடவுச்சொல்லை அன்றே மாற்றுங்கள். 2016 இல் 'மிராய்' என்ற தீநிரல், மாற்றப்படாத கடவுச்சொற்களின் வழியே ஏராளமான கமராக்களுக்குள் புகுந்தது. கள்வனைப் பார்க்க வைத்த கண்ணாலேயே கள்வன் நம்மைப் பார்த்தால் எப்படி?

பூட்டுபவர் ஏணியில் நிற்கும்போதே படத்தைத் திரையில் பாருங்கள். அயல்வீட்டுக் கிணற்றடி தெரிந்தால் திருப்பச் சொல்லுங்கள். திருப்ப முடியாவிட்டால், அந்தப் பகுதியை மட்டும் மறைத்துவிடும் வசதி பல கமராக்களில் உண்டு. அதைச் செய்யச் சொல்லுங்கள். செய்தபின் அயல்வீட்டு அம்மாவையும் அழைத்து அந்தத் திரையைக் காட்டிவிடுங்கள்.