விரலறியும் கருவி



கையிற் கொண்டு செல்லத்தக்க, இசை கேட்கும் கருவியொன்றை வாங்குவோர், அதனுள் எத்தனை பாடல்கள் அடங்கும் என்றே முதலில் வினவுகின்றனர். அதனை எளிதில் இயக்கலாமா என்று வினவுவோர் சிலரே.

1979ஆம் ஆண்டில் யப்பானின் சோனி நிறுவனம் வெளியிட்ட முதலாவது வாக்மனில் ஒலிப்பதிவு செய்யும் வசதி இருக்கவில்லை. ஆயினும் உலகம் அதனை விரும்பி ஏற்றது. 2001இல் அப்பிள் நிறுவனத்தின் ஐபொட் ஏறக்குறைய 1,000 பாடல்களைத் தாங்கி வந்தது; வேண்டியதைத் தேட ஒரு சக்கரத்தைப் பெருவிரலாற் சுழற்றினாற் போதும். அதே நிறுவனம் 2009இல் ஐபொட் ஷஃபிளின் முகப்பிலிருந்த பொத்தான்களை அகற்றி, இயர்போன் வடத்தில் அமைத்தது. சாதாரண இயர்போனைப் பொருத்தியவர்களாற் பாடலை மாற்ற இயலவில்லை. 2010இல் பொத்தான்கள் முகப்புக்கே மீண்டன.

பார்வை மங்கிய என் தாயாருக்கு நான் முதலில் வாங்கிய கருவியின் முகப்பு முழுவதும் தொடுதிரை. ஒரு பாடலைக் கேட்பதற்கும் அவர் என்னை அழைக்க வேண்டியிருந்தது. நாளடைவில் அழைப்பதையும், கேட்பதையும் விட்டுவிட்டார். பின்னர், புடைத்த பொத்தான்கள் கொண்ட எளிய கருவியொன்றைக் கொடுத்தேன். இப்போது விடியற்காலையில் அவரது அறையிலிருந்து பாடல் எழுகின்றது. எவரையும் அவர் அழைப்பதில்லை.

ஆதலால், நேயர்களே, கடையிலேயே கண்களை மூடிக்கொண்டு கருவியைக் கையிலெடுங்கள். தொடங்கவும், நிறுத்தவும், ஒலியைக் குறைக்கவும் விரல்களே வழியறியுமாயின், அதனை வாங்குங்கள்.