இழையின் நேரம்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையிலே, காங்கேசன்துறைக்குக் கிழக்கே உள்ளது மயிலிட்டித் துறை. அங்கிருந்து மாலை 5 மணிக்குப் புறப்படும் வள்ளமொன்று மறுநாட்காலை 5 மணிக்குக் கரைசேர்கிறதெனக் கொள்க. கரையிலிருப்போர் கணக்கில் கடந்தது 12 மணி நேரம். அதில் வலையை விட்டுக் காத்திருந்தது எவ்வளவு, கை ஓயாது உழைத்தது எவ்வளவு என்பதைக் கரையிலுள்ள மணிக்கூடு சொல்லாது.

கணினிச் செய்நிரலுக்கும் இதே இருவகைக் கணக்கு உண்டு. ஒரு செய்நிரலுக்குள் தனித்தனியே ஓடவல்ல வேலைத்தொடர் ஒவ்வொன்றும் இழை எனப்படும். இழை தொடங்கியது முதல் முடியும்வரை சென்றது கடந்த நேரம். மையச் செயலகம் அவ்விழைக்கென உழைத்தது செயலக நேரம். வட்டிலிருந்து தரவு வரும்வரையும், வேறோர் இழை பூட்டிய பூட்டுத் திறக்கும்வரையும் இழை சும்மா நிற்கும். இயங்குதளம் செயலகத்தைப் பிறிதோர் இழைக்குக் கொடுத்துவிடுவதும் உண்டு.

மயிலிட்டியையே நோக்கின், 1990இல் இடம்பெயர்ந்த மக்களுக்கு அத்துறை மீண்டும் கிடைத்தது 2017இல். நாட்காட்டி 27 ஆண்டு நகர்ந்தது. அவர்தம் தொழிலோ அங்கே நின்றிருந்தது.

இவ்வேறுபாட்டை அறியாதவர் உழைப்பு வீணாகும். ஓர் இழைக்குக் கடந்த நேரம் 10 விநாடி, செயலக நேரம் 2 விநாடி என்க. கணக்கிடும் பகுதியை அரும்பாடுபட்டு இருமடங்கு விரைவாக்கினாலும் மிஞ்சுவது 1 விநாடியே. மற்றை 8 விநாடியும் காத்திருப்பிலே கழிகின்றன. நோய் அங்கேதான் இருக்கிறது.

கடந்த நேரத்தை அளப்பதிலும் ஓர் இடறல் உண்டு. இலங்கையின் நியமநேரம் 1996 மே மாதத்தில் ஒரு மணி முன்தள்ளப்பட்டு, அவ்வாண்டு ஒக்டோபரில் அரை மணியும், 2006 ஏப்ரலில் மற்றோர் அரை மணியும் பின்னிழுக்கப்பட்டது. பின்னிழுத்த அந்த வேளையில் உள்ளூர் நேரத்தைக் குறித்துக் கழித்த செய்நிரல், 20 நிமிட வேலையொன்று தொடங்குவதற்கு 10 நிமிடம் முன்பே முடிந்துவிட்டதாகக் காட்டியிருக்கும்! ஆதலின், திருத்தங்களால் பின்செல்லாத, முன்னோக்கியே ஓடும் கடிகாரம் வேண்டும். 2004இல் வெளிவந்த ஜாவா 5ஆம் பதிப்பு அத்தகைய அளவையையும், ஒவ்வோர் இழையின் செயலக நேரத்தைத் தனியே கேட்டறியும் வசதியையும் ஒருங்கே தந்தது.

நான்கு செயலகங்களில் நான்கு இழைகள் 3 விநாடி ஓயாது ஓடினால், செய்நிரலின் மொத்தச் செயலக நேரம் 12 விநாடி. மணிக்கூட்டில் கடந்ததோ 3. மொத்தத்தை மட்டும் பார்ப்பவருக்கு இது புதிராகும். இழைதோறும் வினவியவருக்கு அதில் புதிரேதுமில்லை.