பத்துக் கிலோ அவரைக்காய்



அரை ஏக்கரில் அவரை போட்டிருக்கும் ஒரு விவசாயியை எடுத்துக்கொள்வோம். இன்று பறித்தது பத்துக் கிலோ. இரண்டு நாள் கழித்து இன்னொரு பத்துக் கிலோ தேறும். இதைத் தூக்கிக்கொண்டு கமிஷன் மண்டிக்குப் போனால் என்ன கிடைக்கும்? மண்டிக்கு வேண்டியது மூட்டைக் கணக்கு. கமிஷன், இறக்குக் கூலி, வண்டி வாடகை எல்லாம் போக, பறித்த கூலிக்கே கட்டாது. அந்தப் பத்துக் கிலோவுக்கும் ஓர் இடம் வேண்டும் அல்லவா? அந்த இடம்தான் உழவர் சந்தை.

1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தையை அன்றைய முதல்வர் கருணாநிதி திறந்து வைத்தார். பஞ்சாபின் அப்னி மண்டியும் ஆந்திராவின் ரைத்து பஜாரும் விவசாயியே நேரடியாக மக்களுக்கு விற்கும் இந்த வழியில் அதற்கு முன்பே நடந்து காட்டியிருந்தன. 2001இல் ஆட்சி மாறியதும் பல சந்தைகள் களையிழந்தன. 2006க்குப் பிறகு மீண்டும் தழைத்தன.

விடியும் முன்பே சந்தை விழித்துவிடுகிறது. விவசாயிகள் அடையாள அட்டையைக் காட்டிக் கடை ஒதுக்கீடு பெறுகிறார்கள். கடைக்கு வாடகை கிடையாது. தராசையும் சந்தையிலேயே கொடுக்கிறார்கள். அன்றைய மொத்த விலையையும் வெளிச்சந்தைச் சில்லறை விலையையும் விசாரித்து, இரண்டுக்கும் நடுவே ஒரு விலையை முடிவு செய்து, வாசலில் பலகையில் எழுதிவிடுகிறார்கள். விற்பவருக்கு மண்டியைவிடக் கூட, வாங்குபவருக்குக் கடையைவிடக் குறைவு. பலகையைப் பார்த்துவிட்டு உள்ளே போகிறவரை யாரும் ஏமாற்ற முடியாது. காசும் அன்றைக்கே கைக்கு வந்துவிடுகிறது.

கீரை விற்கும் அம்மாக்களின் பக்கம் கொஞ்சம் நின்று பாருங்கள். வேரில் ஈர மண் ஒட்டிய அரைக்கீரை, சிறுகீரை, பக்கத்திலேயே ஒரு பிடி பிரண்டை, சின்னக் கூறாகச் சுண்டைக்காய். "பிரண்டையை நார் உரிச்சு, நல்லெண்ணெயில வதக்கிட்டுத் துவையல் அரை கண்ணு, நாக்கு அரிக்காது" என்று புதிதாகக் கல்யாணமான பெண்ணுக்குப் பக்குவம் சொல்கிறார் ஒருவர். கறிவேப்பிலையைக் கொசுறாகப் பைக்குள் போட்டும் விடுகிறார். பெரிய கடைகளுக்குள் பிரண்டை அவ்வளவாக வருவதில்லை. கேட்டு வாங்க ஆள் இருப்பதால்தான் வேலியோரப் பிரண்டையைப் பறித்துக் கட்டிக் கொண்டுவர அந்த அம்மாவுக்கு மனசு வருகிறது. ஓர் ஊரின் சாப்பாட்டு ருசி இப்படித்தான் பிழைத்துக் கிடக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இதெல்லாம் நிலைக்க வேண்டுமானால் அந்த அடையாள அட்டை விஷயத்தில் கண்டிப்பு வேண்டும். அலுவலர்கள் வயலை நேரில் பார்த்து, அங்கே என்ன விளைகிறது என்று உறுதி செய்த பிறகே அட்டை தர வேண்டும். மண்டியில் வாங்கி வந்து விவசாயி பெயரில் விற்பவர் ஒருவர் உள்ளே நுழைந்தாலும், நிஜமான விவசாயி ஒருவருக்கு அன்று கடை இல்லை.

பத்து மணிக்கு மேல் கூட்டம் குறைந்துவிடும். மிஞ்சிய கீரை வாடத் தொடங்கும். சில சந்தைகளில் குளிர்பதன அறை இருக்கிறது, எல்லா இடத்திலும் இல்லை. இல்லாத ஊர்களில், மீதியைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டு, பஸ்ஸைப் பிடித்து, மத்தியானத் தண்ணீர் பாய்ச்ச வயலுக்குத் திரும்புகிறார்கள்.